இடப்பக்கத்து மான்

மூன்று திரைகள்.
மூன்றிலும் பனி ஒரே வேகத்தில் விழுகிறது.
ஸ்டியரிங்கைத் தொடுமுன் ஏவர்ட்
உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொள்கிறார்.

முப்பத்தோரு குளிர்காலம்
ஊமியோவிலிருந்து லிக்செலெ வரை
பனி வாரும் லாரி ஓட்டியவர்.
"இது பனியில்லை" என்கிறார் எடுத்த எடுப்பில்.
"பனியில் ஏறினால் டயரின் குரல் மாறும்.
இது கோடைக்காலத்துச் சத்தம்."

சரிதான்.
என் படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.

நவம்பரில், மூளையின் வலப்பாதியில், ரத்தக் கட்டு.
கண்ணில் பழுதில்லை என்று கண் மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார்.
பார்வை இருக்கிறது, இடப்பக்கம் போகத்தான் மாட்டேனென்கிறது.
தட்டில் வலப்பாதிக் கிழங்கைத் தின்றுவிட்டு
இவ்வளவுதானா என்று கேட்கிறாராம்.
குன்வோர் தட்டைத் திருப்பி வைப்பாளாம்,
மறுசோறு வந்ததுபோல் சாப்பிடுவாராம்.
வாசலில் நின்று, அவருக்குக் கேட்காமல் சொன்னாள்.

முதல் பத்து நிமிடம் குறையே இல்லை.
வளைவில் பிரேக்கைத் தொடாமல் வேகம் இறக்குகிறார்.
எதிரே வரும் லாரிக்கு இரு விரல் உயர்த்துகிறார்.
அந்த லாரியில் ஓட்டுநர் கிடையாது.

என் மேசையில் இரண்டு பொத்தான்கள்.
வலத்தை அழுத்தினால் வலக்காட்டிலிருந்து மூஸ் மான் வரும்.
வந்தது. நிறுத்தினார்.
நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்:
"குட்டி பின்னால் வரும்."
எங்கள் மானுக்குக் குட்டி வரைந்தவர் யாருமில்லை.
காத்திருந்த ஒன்பது நொடிக்கு
இயந்திரம் மதிப்பெண்ணைக் குறைத்தது.

பிறகு நான் இடத்தை அழுத்தினேன்.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில்
மானின் ஊடே போனார் ஏவர்ட்.
போனதே தெரியாமல், மெல்ல விசிலடித்துக்கொண்டு.

"எப்படி இருந்தது?"
"நல்ல சாலை."

பதிவை ஓட்டிக் காட்டினேன்.
"எங்கே மான்?" என்றார்.
பதிவிலும் அது இடப்பக்கத்தில்தானே இருந்தது,
எனக்குத் தோன்றவில்லை.
எழுந்து அவர் நாற்காலியைத் திருப்பினேன்.

அப்போது கண்டார்.
கொம்பை, கழுத்துத் தோலை,
சாலையைவிட உயரமாய் நின்ற கால்களை.
நெடுநேரம் கழித்து, "இவ்வளவு பெரிசா" என்றார்,
யாரோ தன்னிடம் மறைத்துவிட்டதுபோல்.

வசந்தத்தில் மறுபடி பார்க்கலாம் என்று எழுதினேன்.
எழுதாதது ஒன்று:
போன வருடம், எல்லோரும் போனபின்
நானும் அந்த இருக்கையில் அமர்ந்தேன்.
சாகா பொத்தான்களை அழுத்தினாள்.
மூன்று மான்களில் ஒன்றை இடித்தேன்.
நாளைக்கு யாரிடமும் சொல்லாதே என்றேன், சிரித்தபடி.
மறுநாள் என் காரில்தான் வேலைக்கு வந்தேன்.

ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
ஏவர்ட் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுக்குப் போய்
கைப்பிடியைத் தொட்டு,
தொட்டபடி கொஞ்சம் நின்று,
சுற்றி நடந்து மறுபக்கம் ஏறுகிறார்.
இந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம்.
ஆக குன்வோர் இனி உட்காருவது
அவருக்கு இல்லாத பக்கத்தில்.

அவள் ஏதோ சொல்கிறாள்.
அவர் தன் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.
கையுறையைக் கழற்றிவிட்டு அவள்
அவர் முகவாயைப் பிடித்து
மெதுவாகத் தன் பக்கம் திருப்புகிறாள்.

கார் நகர்ந்தது.
குளிரைப் பொருட்படுத்தாமல்
ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டேன்,
டயரின் குரலை.