அரைப் பேர்

இரண்டு குப்பிகள்.
தயிர்ச்சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.
ஒவ்வொன்றிலும் நகக்கண்ணளவு வெள்ளைத் தூள்,
கிழிந்த என் முழங்கால் நாருக்கு.
கலந்து போட்டால் சீக்கிரம் ஒட்டுமாம்,
ஹட்டன் ஜிம்காரன் ரொஷான் சொன்னது.
"யாருக்கு ஒட்டிச்சு?"
"எலிக்கு" என்றான், சிரிக்காமல்.

இன்சுலின் ஊசியில் பத்துக் கோடு இழுக்கையில்
வாசலில் புஷ்பகாந்தி அக்கா,
கொழுந்துச் சாக்கின் ஈரம் முதுகில்.
ஐப்பசியிலிருந்து தோள் உயரவில்லை அவளுக்கு;
பதினொரு கிலோவோடு தராசு நின்றுவிடும்,
அரைப் பேர்தான் விழும்.

லேபிளைத் தமிழில் சொன்னேன்:
ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

"அப்ப நமக்குத்தான்டா"
என்று ரவிக்கைக் கையைச் சுருட்டினாள்.

கீழே கொழுந்து லொறி
ரிவர்ஸில் கூவிக்கொண்டிருந்தது.
காற்றுக்குமிழைத் தட்டினேன்.
இன்னொரு முறையும் தட்டினேன்,
குமிழ் இல்லாதபோதும்.