ஆறு இல்லை

குளச்சல் ஐஸ் பிளாண்டில்
இரவுக் கணக்கு எனக்கு.
உப்புநீர்த் தொட்டியின் மேல்
வரிசை வரிசையாகப் பலகை மூடிகள்.
ஒவ்வொன்றின் கீழும் ஒரு தகர அச்சு.
எது உறைந்தது, எது உறையவில்லை,
மேலிருந்து பார்த்தால் தெரியாது.

லோடு பதிவேட்டின் பின்னட்டையில்
ஒட்டி வைத்த எண்பத்தொரு கட்டம்.
இருபத்திரண்டு எண்கள் அச்சில் வந்தவை,
மூன்று நான் போட்டவை.
ஐந்தாவது இரவு இது.
மிச்சத்தில் எல்லாம் பென்சிலால்
எறும்பு எறும்பாகச் சின்ன எண்கள்:
இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம்.

எளிய வழிகள் முதல் இரவிலேயே தீர்ந்தன.
இரண்டு கட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட இரட்டையர்,
அந்த வரியில் வேறெவரும்
அவர்கள் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.
அதற்கப்பால் சுவர்.

இரண்டாம் இரவு வாள்மீன் தேடினேன்.
ஒரு வழிக்கு அப்படிப் பெயர்.
சொன்னதும் சேசடிமை கேட்டார்,
"கிலோ என்ன விலைக்குப் போவும்?"
எடையில்லாத மீன் அண்ணே.
மூன்று வரிகளில், இரண்டு என்னும் எண்
அதே மூன்று நிரல்களில்தான் நிற்க முடியும்.
எந்த வரியில் எந்த நிரல், தெரியாது.
ஆனால் அந்த நிரல்களில்
வேறெங்கும் அது இல்லை.
எங்கே இருக்கிறதென்று தெரியாமலே
எங்கே இல்லை என்று தெரிந்துவிடுகிறது.
நான்கு இடத்தில் இரண்டை அழித்தேன்.
ஒன்றும் அசையவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணப் போட்டுப் பாரும் ஓய்,
வந்தா வருது."
முப்பது வருஷம் அப்படித்தான் வலை போட்டார்.
குறை சொல்லவில்லை.
ஆனால் குருட்டாம்போக்கில் வந்த விடை
சரியாக இருந்தாலும்
இரவல் சட்டைதான் எனக்கு,
தோளில் கச்சிதமாக உட்கார்ந்தாலும்.

மூன்று மணி.
அமோனியா நெடி கொஞ்சம் கூடுகிறது.
கிழக்கே முட்டத்து விளக்கு
யாரையும் கேட்காமல் சுற்றுகிறது.

நடுவில் ஒரு கட்டம்.
மூன்று, இல்லையென்றால் எட்டு.
மூன்று என்று வை:
இடப்பக்கம் ஒன்பது, அதன் கீழே ஒன்று,
ஒன்றுக்கு இடம்விட்டு ஐந்து மூலைக்கு ஓடும்,
மூலையிலிருந்த ஆறு எதிர் வரிக்கு நகரும்,
நகர்ந்தால் வலக்கோடிக் கட்டத்தில் ஆறு இல்லை.

எட்டு என்று வை:
வேறு பாதை, நீளம்.
நான்கு, ஏழு, மீண்டும் நான்கு,
இரண்டு தடவை விரல் தவறி
தொடங்கிய இடத்திலேயே தொடங்கி,
திங்கள்சந்தை சுற்றி வீட்டுக்கு வருகிறவன்போல
அதே வலக்கோடிக்கு வந்து சேர்கிறேன்.
அங்கும் ஆறு இல்லை.

இதுவும் ஊகந்தானே?
இல்லை. நான் எதையும் நம்பவில்லை.
இரண்டு பேர் வாக்குமூலம்,
ஒருவன் பொய்யன்.
எவன் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.
இருவரும் ஒத்துச்சொன்ன ஒன்று போதும்.

"ஆறு இல்லை!" கத்திவிட்டேன்.
சேசடிமை கண்ணைக் கசக்கினார்.
"எந்த ஆறு?
வள்ளியாத்துல கழுத்தளவு கிடக்கே."

ஒரே ஓர் ஆறை அழித்தேன்.
ஐந்து இரவுக்கு அதுதான் கூலி.
எழுதியது எதுவுமில்லை,
தாளில் ஓரிடம் கொஞ்சம் சொரசொரப்பு.
பிறகு பக்கத்துக் கட்டம் தானே சொன்னது,
அது சொன்னதைக் கேட்டு அடுத்தது,
பென்சில் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

பாதியில் ஹாரன்.
மூன்று படகு, கணவாய்,
நூற்றிருபது பார் வேண்டும், உடனே.
பதினொரு கட்டம் மீதி.
அவை எப்படியும் விழும், யார் போட்டாலும் விழும்.
மூடிவைத்தேன். இன்றுவரை மூடியேதான்.

பலகைகளைத் தள்ளி அச்சுகளைத் தூக்கினோம்.
தண்ணீரில் முக்கியதும் ஒவ்வொன்றாக
வெள்ளையாய் வழுக்கி வந்தன.
ஒன்றுக்கு மட்டும் நடுவில்
உறையாத தண்ணீர், விரல் பருமனுக்கு,
அசைத்தால் அசைந்தது.
சேசடிமை அதை ஓரமாக வைத்தார்.