பிரேக் எங்கிருக்கு

தைப்பூசத்துக்கு மறுநாள் கொப்பரைக் களத்தில்
தேங்காய்த் தண்ணி வழுக்கி
வலது கணுக்கால் முறிந்தது.
ஆறு வாரம் மாவுக்கட்டு.
காங்கேயத்தில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கட்டில், ஒரு டிவி.
ரிமோட்டில் மேலே போகிற பொத்தான் மட்டும் வேலை செய்தது.
அப்படிப் போய்ப் போய்த்தான் ஒரு ராத்திரி
பனிமலைக்கு வந்து சேர்ந்தேன்.

விதிமுறை ஒன்றும் தெரியாது. அபிப்பிராயம் உண்டு.

ஒருத்தன் சின்னப் பலகை மாதிரி ஒன்றில் மல்லாந்து படுத்து
காலை முன்னே நீட்டிக்கொண்டு
நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறான்.
எங்கள் ஊரில் அப்படிப் போவது ஒரே தடவை,
அதுவும் நாலு பேர் தூக்கி, மெதுவாக.
"பிரேக் எங்கிருக்கு?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.
மினி டெம்போ ஓட்டுகிறவர். வேறென்ன கேட்பார்.

கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால்
கூட்டிக்கொண்டே ஓடுகிற ஆட்டம்.
பக்கத்து வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினொரு வருஷமாகக் கணக்கு மேசையிலிருந்து
பொன்னாத்தா களம் கூட்டுவதைப் பார்த்தவள் நான்.
கல்லைத் தொடக்கூடாதாம்,
அது போகும் வழியை மட்டும் தேய்க்கலாமாம்.
பின்னால் நின்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள்.
கத்துகிறவள் கூட்டவில்லை.
அது மட்டும் எனக்குப் புதிதில்லை.

துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பனியில் ஓடி
மூச்சு இரைக்க வந்து படுத்து
அஞ்சு கறுப்புப் புள்ளியைச் சுட வேண்டும்.
குறி தப்பினால் திட்டு கிடையாது, சம்பளப் பிடித்தம் கிடையாது.
தப்பினது ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று கூடுதலாக ஓடு, தீர்ந்தது.
நியாயமென்றால் இது நியாயம்.
நாச்சிமுத்து முதலாளியைக் கூட்டிவந்து காட்டணும் இதை.

பாட்டுப் போட்டு ஆடுகிற பிள்ளைகள்தான்
தூக்கத்தைக் கெடுத்தார்கள்.
பாவாடையில் சமிக்கி மின்ன ஒரு பெண்
மேலே மூன்று சுற்றுச் சுற்றி, இறங்கும்போது விழுந்தாள்.
பாட்டு அவளுக்காக நிற்கவில்லை.
எழுந்தாள், சிரித்தாள்,
ஓடிப்போய்ப் பாட்டோடு சேர்ந்துகொண்டாள்.
விழுந்ததற்கு ஒரு மார்க் கழிவு.
ஒன்றுதானா என்றிருந்தது எனக்கு.
நான் விழுந்தபோது முதலில் வந்த கேள்வி,
"எத்தனை மூட்டை வரைக்கும் எழுதினீங்க?"
முதலாளி, அவர் குணத்துக்கு, கேட்டார்.
நானும் கிடந்தபடியே சொன்னேன்:
நாப்பத்தி மூணு.

நாலாவதாக வந்தவனைக் கேமரா இரண்டு நொடி காட்டியது.
மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும்
ஒரு நொடியில் நூற்றில் நாலு பங்கு.
எங்கள் எடைமேடையில் அது தூசி, ஊதிவிடுவோம்.
அவன் முகக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
பின்ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் ஓட்டிலும் ஒரு பனி இறங்கும்,
மெடல் கொடுக்கிற அளவுக்கு இல்லை.
ஈஸ்வரமூர்த்தி காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு
கிரிக்கெட்டுக்கு மாத்து என்று சொல்வதை விட்டிருந்தார்.
உச்சியிலிருந்து கிளம்பிக் காற்றில் போகிற ஒருத்தியை
அவள் தரை தொடும் வரைக்கும்
டம்ளரை வாயில் வைக்காமல் பார்த்தார்.
அப்புறம் மெல்ல,
"இவளுக்குப் பிரேக் எங்கிருக்கு?"

கட்டுப் பிரிக்கும்போது
போட்டியெல்லாம் முடிந்து மூன்று வாரம்.
எந்த நாடு முதலில் வந்தது, தெரியாது.
களத்தில் நான் விழுந்த இடத்தில் சாக்கு விரித்திருந்தார்கள்.
சாக்குக்கு அந்தப் பக்கம் ஈரம் அப்படியே இருந்தது.
அரை மூடித் தேங்காய் ஒன்றைக்
கட்டை விரலால் மெல்லத் தள்ளினேன்.
போனது. போய்க்கொண்டே இருந்தது.
"கூட்டு பொன்னாத்தா, முன்னால கூட்டு, வேகமா!"

துடைப்பமும் கையுமாக நின்று பார்த்தாள்.
"காலு கூடிருச்சு. தலை போயிருச்சாட்ட இருக்குதுங்க."