பதினேழாம் பெட்டி

ரெஜைனா. பிப்ரவரி. மைனஸ் முப்பத்துநான்கு.
ஆவணக் காப்பகத்தின் நிலவறையில் மட்டும்
வருடம் முழுக்கப் பதினெட்டு டிகிரி,
காகிதங்களுக்காக.
எனக்காக இல்லை, ஆகவே ஸ்வெட்டர்.

டோர்வால்ட் பிரெக்கேயின் வாழ்க்கை
முப்பத்தொரு அட்டைப் பெட்டிகள்.
பதினாறாம் பெட்டி வரை அவர் நீளமாகப் பேசினார்.
தானியக் கொட்டகைகளில், லூத்தரன் கோயில் கூடங்களில்
இரண்டரை மணி நேரம்,
காற்புள்ளி மேல் காற்புள்ளி.
எழுந்துபோய் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டுத்
திரும்பி வந்தவர்களுக்கும்
அதே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்ததாம்.
ஒரு துண்டறிக்கையின் ஓரத்தில்
யாரோ பென்சிலால் கேட்டிருக்கிறார்கள்:
முற்றுப்புள்ளிக்கும் வரி போட்டுவிட்டார்களா?

பிறகு அந்த நவம்பர், முப்பத்துநான்காம் ஆண்டு.
"கோதுமை நமது.
விலை அவர்களது.
ஏன்?"

பூங்காவில் அவர் காலடிக் கல்லில் இருக்கிறது அது.
ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது,
காப்பிக் கோப்பைகளிலும்.
புழுதிப்புயல் காலத்தின் பேச்சு என்றார் ஒரு பேராசிரியர்,
வாய் திறந்தால் மண் போகும் என்பதால்.
வேதாகம நடை என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் அந்தச் சுருக்கத்தைப் பற்றி
நானூறு பக்கம் எழுதினார்.

ஆறாம் உறையில் ஒரு மஞ்சள் தாள்.
லெஸ்லி ஃபார்குவர், பல் மருத்துவர், வேபர்ன்.
கூட்டத்துக்கு நான்கு நாள் முந்தைய தேதி.

"மேல் வரிசையில் பதினொன்று பிடுங்கியிருக்கிறேன்.
ஈறு வீக்கம் வடியும்வரை
புதிய பல்செட் உட்காராது.
பேசியே தீருவேன் என்றால்
இரண்டு சொல்லுக்கு ஒருமுறை வாயை மூடி
நாக்கால் அதை மேலே தள்ளிக்கொள்ளவும்.
என் ஓட்டு உங்களுக்கு இல்லை.
கோதுமை இரண்டு மூட்டை வந்து சேர்ந்தது.
பாக்கி நான்கு டாலர்."

சிரித்துவிட்டேன்.
இரும்பு அலமாரிகள் சிரிப்பைத் திருப்பி அனுப்பின.
பல் போனால் சொல் போச்சு என்போம்.
இந்த ஆளுக்குப்
பல் போன பிறகுதான் சொல்லே வந்திருக்கிறது.

வந்த புதிதில் நானும் சுருக்கமாகத்தான் பேசினேன்.
சரி. நாளைக்கு. குளிர்.
அளந்து பேசுபவர், நிதானமானவர் என்று
மேலாளர் என் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினார்.
இங்கிலீஷ் அவ்வளவுதான் இருந்தது கையில்.
கோவில்பட்டிக் கல்லூரி விடுதியில்
நான் வாய் திறந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

நானூறு பக்கப் பேராசிரியருக்கு
மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன்.
மகிழ்ச்சிதான், பொய் சொல்வானேன்,
ஒரு சிலையை நான்கு டாலருக்குக் கீழே இறக்குவதில்.

தாளை உறைக்குள் திரும்ப வைக்கும்போது
பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று.
டிசம்பர்.
"இப்போது கச்சிதம்.
என் எதிரிலேயே ஆப்பிள் கடித்துக் காட்டினீர்கள்.
இனி எவ்வளவு நேரமும் பேசலாம்.
கர்த்தர்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும்."

வரிசை தவறிப் பெட்டி திறக்கக் கூடாது, விதி.
பதினெட்டைத் திறந்தேன்.
ஜனவரிப் பேச்சு, ஒரே தாள்.
ஒன்பது நிமிடம் என்று மேலே குறித்திருக்கிறார்.
பழைய பிரெக்கே முழுவதும் அதில் இருந்தார்,
அத்தனை ஆகவேக்களும் ஆயினும்களுமாக.
பிறகு ஒவ்வொன்றாக அடித்திருந்தார்.
இரண்டு இடத்தில் பேனா
தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

மின்னஞ்சலை அழித்தேன்.
பட்டியலின் விவரக் கட்டத்தில்
நூற்றைம்பது எழுத்துக்குத்தான் இடம்.
கடிதங்கள் இரண்டு. பல் தொடர்பானவை. துருக்கறை உண்டு.
வகை: உடல்நலமா, அரசியல் சிந்தனையா?
ஒன்றைத்தான் தேர்வுசெய்ய முடியும்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.

மைக்ரோவேவ் அருகே பெவர்லி கேட்டாள்,
இன்றைக்கு ஏதாவது அகப்பட்டதா என்று.
இப்போது என்னிடம் பதினோரு வருட இங்கிலீஷ் இருக்கிறது.
அவள் சூப் சூடாக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

"பல்," என்றேன்.