இடக்கண்ணில் சிவப்பு

சுன்னாகம் கிளையில் அடைவுப் பகுதி என்னுடையது.
உரைகல், அமிலக் குப்பி, தராசு,
வலக்கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ்.
பதினொரு வருசமாய்ப் பிறர் காப்பையும் தாலிக்கொடியையும்
மற்றக் கண்ணை மூடித்தான் பார்த்துவந்தேன்.

மரியசீலன் வந்த அன்று கரண்ட் இல்லை.
மேசையில் ஒரு பெட்டியை வைத்து,
"தங்கம் இல்லை மிஸ், ஆனால் நல்ல பழசு" என்றார்.
பண்டத்தரிப்பில் மிஷன் வீடொன்றை இடிக்கேக்க
ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே கிடந்ததாம்.
நாற்பது அட்டைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரே படம் இரண்டு தரம்.
அடியில் மரக்கைப்பிடி போட்ட கருவி ஒன்று,
முகமூடிக்கும் தராசுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி.

வங்கி எடுக்காது. நான் எடுத்தேன்.
என் சொந்தக் காசு, ஆறாயிரம்.
துண்டு எதுவும் எழுதவில்லை.
அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அன்றிரவு கண்ணில் வைத்தேன்.
முதலில் இரண்டு பாலம். பிறகு ஒன்றரை.
பிறகு திடுக்கென்று ஒரே பாலம்,
அதன் கீழே
நான் விழக்கூடிய அளவுக்குப் பள்ளம்.
கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து தொற்றிவிட்டது.
கொழும்பில் ஒரு ஏலக்காரர், லீட்ஸில் ஒரு கிழவர்,
தபாலில் பனிமலைகள், பொம்மைக் கலியாணங்கள்.
"செத்த வெள்ளைக்காரரை ஏனப்பா காசு குடுத்து வாங்கிறாய்?"
இவர் கேட்டார். மறுமொழி என்னிடம் இருக்கவில்லை.
எனக்குப் பிடித்தது ஆட்கள் அல்ல,
ஆட்களின் மேல் பூசிய நிறம்.
புல்லுக்கெல்லாம் ஒரே பச்சை.
பனிக்கு ஒன்றுமில்லை, பெயின்ற் மிச்சம்.
மணப்பெண்ணின் விரலில் ஊசிமுனையளவு மஞ்சள்:
உரைத்துப் பார்த்தால் பித்தளையாகக்கூட நிற்காது,
ஆனாலும் மின்னுது.

மரியசீலனின் இருபத்தேழாவது அட்டை.
அடுப்படியில் ஒரு வேலைக்காரச் சிறுமி,
இடுப்பில் பட்டி.
இடப்பக்கப் படத்தில் பட்டி சிவப்பு.
வலப்பக்கத்தில் பூசவே இல்லை.
டசினுக்கு இத்தனை பென்னி என்று பூசியவளுக்கு
சாப்பாட்டு மணி அடித்ததோ, இருமல் வந்ததோ.
இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால்
சிவப்பு நிற்காது. வரும். போகும்.
மூச்சு விடுகிற துணி மாதிரி.
பழுது, கால் விலைக்கும் போகாது
என்று எழுதினார் லீட்ஸ் கிழவர்.

எட்டு மாதம் கழித்து மரியசீலன் வந்தார்.
ஆறாயிரம், அதற்கு மேல் நானூற்றெண்பது.
கொப்பித் தாளில் வட்டி தானே போட்டிருந்தார்.
"மீட்க வந்தனான் மிஸ்."

நீங்கள் வித்தது, நான் வாங்கினது
என்று சொல்லியிருக்கலாம்.
துண்டு அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.
அடுத்த நாள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.
வட்டியைத் திருப்பிக் கையில் வைத்தேன், பெரிய மனுசி போல.

அவர் விரலை நனைத்து,
நோட்டு எண்ணுவது போல எண்ணினார்.
முப்பத்தொன்பது.
இன்னொருக்கால் எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
"நாப்பது எண்டு நினைச்சது என்ரை பிழை போல."
"சிலவேளை" என்றேன்.

பதினொரு வருசத்தில் என் பெட்டகத்தில்
ஒரு மஞ்சாடி குறைந்ததில்லை.

கருவியும் அவரோடு போய்விட்டது.
புதிது வாங்கலாம். வாங்கவில்லை.
அட்டையை மூக்கில் முட்டவைத்து
மெல்ல மெல்ல விலக்கினால்
வெறுங்கண்ணுக்கும் அவள் வருகிறாள்.
அடுப்பு முன்னால், சுவர் பின்னால்,
இடையில் அந்தப் பட்டி
சிவந்து, வெளிறி, சிவந்து.
கண் வலிக்கும். தண்ணி வரும்.
"மாறுகண் விழப்போகுது" என்கிறார் இவர்.

காலையில் வரிசை தொடங்குகிறது.
ஆரோ ஒருத்தி மோதிரத்தைக் கழற்றி நீட்டுகிறாள்.
லென்ஸை வலக்கண்ணில் வைக்கிறேன்.
இடக்கண்ணை
மூடுகிறேன்.