பதினெட்டுப் பட்டை

பாய்லரில் பொடி உருகிக்
கஞ்சிப் பதத்துக்கு வர இருநூறு டிகிரி.
கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
அசந்தால் அடிப்பிடிக்கும்,
அடிப்பிடித்தால் வெள்ளை பழுப்படிக்கும்,
பழுப்படித்தால் அன்றைக்கு
இன்ஜினியர் வாயில் நாங்கள்தான் வெற்றிலை.

மூன்றடைப்பு தாண்டி
சாலை சட்டென்று ஒடிகிற இடத்தில்
ஆனி மாசத்து ராத்திரி இழுத்தோம்.
மலைப்பக்கமிருந்து வந்த காற்று
ஆரஞ்சுக் கூம்புகளை உருட்டிக்கொண்டுபோய்
ஓடைக்குள் போட்டது.
பொறுக்கி வரவே ஓர் ஆள், மீரான்.
நான் நூல் பிடித்தேன்.
சேர்மக்கனி வண்டியைத் தள்ளினான்.
ஆறு பட்டை ஒரு கொத்து,
இடம் விட்டு இன்னொன்று,
இன்னும் தள்ளி மூன்றாவது.
உயரம் என் சுண்டுவிரல் நகமளவு.
சூடாறுமுன் கண்ணாடித் தூள் தூவினோம்,
கறிக்கு மல்லித்தழை மாதிரி.

விடிந்ததும் ஒரு பெண் வந்தாள்.
வளைவை ஒட்டிய ஓட்டு வீடு. பெயர் தங்கக்கிளி.
"ஏய்யா, ரோட்டை எடுத்து
என் வீட்டுக்குள்ள போட்டுட்டியளே.
செவுரு நடுங்குது.
அலமாரியில டம்ளர் தன்னால நகந்து
விளிம்புக்கு வந்து நிக்கி.
சொரண்டி எடுத்துட்டுப் போங்க."
கையெழுத்துப் போட்ட மனுவும் வைத்திருந்தாள்.
காண்ட்ராக்டர் நம்பரைக் கொடுத்தோம்.
அவர் எடுக்கவே எடுக்காத நம்பர் அது.

மாசியில் தேய்மானம் அளக்க என்னை அனுப்பினார்கள்.
தேயாமல் என்ன செய்யும்?
காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர்,
களக்காட்டு வாழைத்தார்,
பனிக்கட்டித் தண்ணீர் ஒழுகப் போகும் மீன் வண்டி,
எல்லாம் அதன் மேல்தானே.
விடியக்காலம் நாலு மணிதான் அளக்கத் தோது.
குனிந்து ஸ்கேலை வைக்கையில்
அவள் வீட்டு லைட் எரிந்தது.
வசவு வாங்கத் தயாராய் நிமிர்ந்தேன்.

"இங்கன வாரும்.
செவுத்துல கையை வையும்."

வைத்தேன். நாகர்கோவில் பஸ் ஒன்று வந்தது.
தடதடதடதடதடதட.
தட தட தட தட தட தட.
தட்... தட்... தட்...
மிச்சத்தை நான் எண்ணுமுன்
"முழிச்சிட்டான்" என்றாள்.

அடுத்தது லாரி.
தடதடதடதடதடதட.
தடதடதடதடதடதட.
தடதடதடதடதடதட.
மூன்றும் ஒரே சீர்.
என் உள்ளங்கைக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை.

"முழிச்சிருந்தும் மிதிக்காதவன் உண்டு,
அவன் ஆரன் அடிச்சிட்டுப் போவான்.
இது அது இல்ல" என்றவள்
சத்தமில்லாமல் விரல் மடக்கினாள்.
ஒன்று. இரண்டு.
வளைவுக்கு அப்பால் பாலத்துக் கட்டை இருக்கிறது.
மூன்று.
என் கை சுவரைவிட்டு எடுபடவில்லை.
நாலு.
எங்கோ ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான்.
ஐந்து.
"தப்பிச்சிட்டான்."

ஐந்து வரை எண்ண விடாத ராத்திரிகள்
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
திறந்த கதவு வழியே தெரிந்தது:
அலமாரியில் டம்ளர் ஒன்றுகூட இல்லை,
தரையில் சாக்கு விரித்துக் கவிழ்த்திருந்தாள்.
நிலைக்கதவுக்குப் பக்கத்தில்
ஒரு டார்ச், நைலான் கயிற்றுச் சுருள்,
தண்ணீர்க் கேன்,
மடித்த இரண்டு பழைய போர்வை.
ஒன்றில் துவைத்தும் போகாத கறை.

பாரத்தை எடுத்து, டார்ச் வாங்கி நிரப்பினேன்.
மீதி உயரம்: நகத்தில் பாதிகூட இல்லை.
கடைசிக் கட்டம்,
'அருகில் குடியிருப்போர் ஆட்சேபம், உண்டு / இல்லை.'
மரியாதைக்குக் கேட்டேன்,
"அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கிடுதியளா?"

"எதுக்கு? உண்டுன்னே எழுதும்.
சத்தம் பத்தலன்னு எழுதும்."

கட்டம் சின்னது.
தாளின் ஓரத்தில் சரித்து
மேலே ஏறிப்போகும்படி எழுதினேன்.