செவ்வாய்க்கிழமைத் தொட்டி

வாரம் ஒருமுறை
ருஸ்தாக்கில் ஐயாயிரம் காலன் நிரப்பி
மலைக்கு ஏற்றுகிறேன்.
இரண்டாம் கியருக்கு மேல் போகாத பாதை.
எதிரே வரும் ஆடுகளுக்கு
ஹாரன் என்றால் என்னவென்று தெரியாது.

அன்று தாமதம்.
பெட்ரோல் பங்க் ஓரத்துக் கடையில்
இரண்டாவது பரோட்டாவுக்கு உட்கார்ந்துவிட்டேன்.
வேறு பெரிய காரணம் இருந்ததாகப்
பிறகு பலரிடம் சொன்னேன்.

வாதியைக் கடக்கும் இடத்தில்
சிவப்பு வெள்ளையில் ஓர் அளவுக் கம்பம்,
ஆள் உயரம்.
ஆறு வருடத்தில் அதை நனைத்தது
ஒரே ஒரு நாய்.

என் தலைக்கு மேலே நீலம்.
உச்சியில் மட்டும்
யாரோ கரியடுப்பு மூட்டியது போல் புகைந்தது.
பாறைக்குள் இடி முனகியது.
கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை.
வைப்பரைப் போட்டுப் பார்த்தேன்,
தூசிதான் கோடு கிழித்தது.

எதிர்க்கரையில் ஹமூத்
பிக்கப்பை நிறுத்தி
இரண்டு கையையும் தூக்கினான்.
சலாம் என்று நானும் தூக்கினேன்.
நில் என்றானாம்.

முதலில் காற்று வந்தது.
கிணறு தூர்வாரும்போது வருமே, அந்த வாசனை.
பிறகு கல்லோடு கல் பேரம் பேசும் ஓசை.
வளைவைத் தாண்டி
தேநீர் நிறத்தில் ஒரு சுவர்
நடந்து வந்தது,
அவசரமே இல்லாமல்,
குச்சியும் சருகும் ஒற்றைச் செருப்பும்
முன்னால் தள்ளிக்கொண்டு.

கம்பத்தில் ஒன்று. இரண்டு.
பிறகு கம்பம் இல்லை.

ரிவர்ஸ் எடுக்கப் பயந்து
பிரேக்கை மிதித்தபடி இருந்தேன்.
சக்கரம் வரை ஏறி உரசியது.
வண்டி அசையவில்லை.
வயிற்றில் இருந்த தண்ணீர்
வெளியே வந்த தண்ணீருக்கு
இடம் கொடுக்கவில்லை.

பேரீச்சை ஒன்று வேரைக் காட்டிக்கொண்டு போனது.
கேஸ் சிலிண்டர்.
ஒரு கதவு, பூட்டோடு.
அப்புறம் நீலத் தொட்டி.
பக்கவாட்டில் ஒடுக்கு,
போன வருடம் என் வண்டி இடித்த ஒடுக்கு.
ஷொஹிதுலின் தொட்டி.
செவ்வாய்தோறும் நான் நிரப்புவது.
காலியாக இருந்ததால் மிதந்தது,
பாத்திரம் கழுவுகிறவன் கையில் போல
சுற்றிச் சுற்றி.

போன் செய்தேன். அடித்தது.
மறுபடி. அடித்தது.
பதினோராவது முறை எடுத்தவன்
அழவில்லை, திட்டினான்:
எங்கே போய்த் தொலைந்தாய்,
காலையிலிருந்து குடிக்கத் தண்ணீர் இல்லை.
பள்ளிவாசல் மொட்டைமாடியில் இருக்கிறானாம்.
பதினேழு பேர், இரண்டு ஆடு,
சுற்றிலும்...
சொல்லி முடிக்கவில்லை,
சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

மறுநாள் மதியம்
ஹமூத் மண்வெட்டியால் வழி சீவ
முதல் கியரில் ஏறினேன்.
கம்பம் கிடைக்கவில்லை.
முழங்கால் சேற்றில் நின்று
சட்டி, கூஜா, பெப்சி பாட்டில்,
ஒரு குழந்தையின் விளையாட்டு வாளி,
நீட்டியதில் எல்லாம் ஊற்றினேன்.
பாதிக்கு மேல் வண்டியிலேயே இருந்தது.

ரசீதில் அளவு எழுதும் இடத்தில்
கை நின்றது.
ஷொஹிதுல் பேனாவைப் பிடுங்கி
வழக்கம்போல எழுதினான்: ஐயாயிரம்.
தேதிக்கு நேரே
செவ்வாய் என்று போட்டான்.
என் முகத்தைப் பார்க்காமல்
மடித்து என் சட்டைப்பையில் வைத்தான்.